ஆற்றுக்குக் கேட்ட பெயர்

குழந்தையின் காலுறை காய்ந்துதான் இருந்தது. உள்ளே கால்தான் ஈரமாக இருந்தது.

அர்னாக் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டில் எதுதான் ஈரமில்லை? கட்டில் விரிப்பு ஈரம், தோள்பட்டை ஈரம், சட்டையின் மார்புப் பக்கம் எப்போதும் ஈரம். துணியை எடுத்துத் துடைத்தாள். துணியில் சாம்பல் நிறத்தில் கறை ஒட்டியது. விரலால் தேய்த்துப் பார்த்தாள். முகத்துக்குப் பூசுகிற பவுடர் மாதிரி வழுவழுவென்று இருந்தது. ஊருக்கு மேலே மலையெல்லாம் மூடிக் கிடக்கிற பெரும்பனி தன் அடியில் இருக்கிற பாறையை ஆண்டாண்டாய் அரைத்து ஆற்றோடு அனுப்புகிற மாவுச் சேறு அது. இந்த ஊரில் எல்லார் பூட்ஸிலும் அது இருக்கும், நாய்களின் வயிற்றில் அப்பியிருக்கும், பாலத்துக் கம்பியில் காய்ந்து கிடக்கும். இன்னும் குப்புற விழக்கூடத் தெரியாத பிள்ளையின் கால்விரல் இடுக்கில் அதற்கு என்ன வேலை?

"ஏனோக், பூட்ஸைக் கழட்டாம உள்ள வந்தியா?"

"சத்தியமா இல்ல." அவள் புருஷன் காப்பிக் கோப்பையோடு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தான். "ஏன்?"

"இவன் காலுல ஆத்துச் சேறு."

"அண்ணன் காலாற ஒரு நடை போயிட்டு வந்திருப்பாரு. அவரை யாரு கேள்வி கேக்க முடியும்?"

ஏனோக் சொந்தப் பிள்ளையை அண்ணன் என்று சொல்வதில் ஊரில் யாருக்கும் ஆச்சரியம் கிடையாது. ஒருவர் செத்துப்போனால் அவர் பேர் குளிரில் வெளியே நின்றுகொண்டிருக்கும். அடுத்துப் பிறக்கிற பிள்ளைக்கு அதை வைத்துவிட்டால் உள்ளே வந்து சூடாகிக்கொள்ளும். பேர் மட்டுமா வரும்? ஆளே வந்துவிடுவார். போன செப்டம்பரில் பெரும்பனியில் காணாமல் போன ஏனோக்கின் அண்ணன் குனுக், மே மாதம் அர்னாக்கின் வயிற்றில் பிறந்துவிட்டார். ஆகவே பிள்ளை ஏனோக்குக்கு அண்ணன், மாமியார் சபினாவுக்கு மகன், அர்னாக்குக்கு மடியில் படுத்துப் பால் குடிக்கிற மூத்தார். "மூத்தாரே, மெதுவா" என்று அவள் சொல்லும்போதெல்லாம் ஊர்ப் பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அன்றைக்கு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. காலைத் துடைத்துவிட்டு, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள். எவ்வளவு தேய்த்தும் சூடு ஏறவில்லை.

கிரீன்லாந்தில் ஜூலையில் ஏது ராத்திரி? சூரியன் மலைக்கு மேலே வட்டமடித்துக்கொண்டே இருக்கும்; ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டித்தான் தூங்க வேண்டும். அந்த வருஷம் வெயில் அடித்த அடியில் துணிக்குப் பின்னால் கண்ணாடி கை வைக்க முடியாதபடி சுட்டது. கொசு மேகம் மேகமாக மொய்த்தது. கதவைத் திறந்தால் ஈரக் கல் வாடையும், வெட்டுப்பட்ட பாறையிலிருந்து வருகிற இரும்பு வாடையும் ஒன்றாய் மூக்கில் ஏறும். எல்லாவற்றுக்கும் அடியில் ஆற்றின் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த வீட்டில் பேசிப் பழகியவர்கள் வேறு எங்கே போனாலும் கத்தித்தான் பேசுவார்கள். ஆற்றின் இந்தக் கரையில் நாலே வீடுகள். மற்ற மூன்றிலும் ஆட்கள் மீன் முகாமுக்குப் போய்விட்டார்கள். கடை, மருத்துவ நிலையம், மாமியார் வீடு எல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கம்.

ஏனோக் பெரிய சக்கர வண்டியில் சுற்றுலாக்காரர்களைப் பெரும்பனியின் விளிம்புவரை கூட்டிப்போகிறவன். சாயங்காலம் வந்தால் அவனுக்கு வேறு பேச்சே கிடையாது.

"பனியோட மூஞ்சியே சரியில்ல அர்னாக். வெள்ளையா இருந்த மேல் பனி ஜூன்லயே காலி. அது இருக்கிறவரைக்கும் உருகுறதை எல்லாம் அதுவே குடிச்சுக்கும், உள்ளயே திரும்ப உறைஞ்சுக்கும். இப்ப குடிக்க ஆளில்ல. அடியில இருக்கிற பழைய கட்டி வெளிய வந்துடுச்சு, ஒரே அழுக்கு. கறுப்புச் சட்டை போட்டு வெயில்ல நின்ன மாதிரி சூட்டை மொத்தமா இழுக்குது. எங்க பாத்தாலும் ஓடை. நடந்தா சளக் சளக்குங்குது."

"பனி மேல தேங்கி நின்ன ஏரி இருக்கா இன்னும்?"

"இருக்காவாவது! நம்ம ஊரைத் தூக்கி உள்ள போட்டா கூரைகூடத் தெரியாது. நீலமா நிக்குது. என்னைக்கு அடியில விரிசல் விடும்னுதான் தெரியல. விட்டுச்சுன்னா, அவ்வளவும் ஒரே மடக்குல உள்ள இறங்கி, அடி வழியா இங்கதான் வரும்."

பெரும்பனியின் மேல் ஓடுகிற ஓடைகள் கடைசியில் போய் விழுகிற கிணறுகள் உண்டு. நீலச் சுவர், அடி தெரியாது, கல்லைப் போட்டால் சத்தம் வராது. அப்படி ஒரு கிணற்றின் பக்கத்தில்தான் குனுக்கின் பனிச்சறுக்கு மோட்டார் வண்டி நின்றிருந்தது. இருக்கையின் மேல் தலைக்கவசம். தேடப் போன ஏனோக் திரும்பி வந்து, காலடி கிணற்றோடு முடிந்துவிட்டது என்று சொன்னான். அதற்குப் பிறகுதான் பேர் வைக்கலாம் என்று முடிவானது.

"உள்ள போற தண்ணி எப்ப வெளிய வரும்?" என்று கேட்டாள் அர்னாக். ஏன் கேட்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"கோடையில அன்னைக்கே வந்துடும். குளிருக்கு முன்னாடி கடைசியா உள்ள போகுது பாரு, அதுல கொஞ்சம் அடியிலயே தங்கிடும். அடுத்த வெயிலுக்குத்தான் வழி கெடைச்சு..."

அவன் பாதியில் நிறுத்திவிட்டான். கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போய் ஜன்னல் துணியை விலக்கி ஆற்றைப் பார்த்தபடியே நின்றான்.

மறுநாளும் கால் ஈரம். அதற்கு மறுநாளும். பிள்ளையின் உடம்பு சில்லென்று ஆகிக்கொண்டே வந்தது. மருத்துவ நிலையத்து நர்ஸ் வெப்பமானியை இரண்டு தடவை உதறிப் பார்த்தாள். "கொஞ்சம் குறைவுதான். உடம்போட ஒட்டி வெச்சுக்கோ, பால் நிறையக் குடு" என்று அனுப்பிவிட்டாள். ஒட்டித்தான் வைத்திருந்தாள். ஒட்ட ஒட்ட இவள் வயிறுதான் குளிர்ந்தது.

சபினா ஞாயிற்றுக்கிழமை வந்தாள். கையில் காய்ந்த மீன், பாலம் தாண்டி நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. வந்ததும் வராததுமாகப் பிள்ளையை வாரி எடுத்தாள்.

"என்னடி இது, என் மகன் ஐஸா கெடக்கான்! பாலு குடுக்குறியா, இல்ல வேடிக்கை பாத்துட்டு உக்காந்திருக்கியா?"

"ரெண்டு பக்கமும் காலி பண்ணிட்டுத்தான் உங்க மகன் விடுறாரு, அத்தை."

"அப்பவும் அப்படித்தான். சின்னதுல ஒரு தட்டு மீனை இவன் ஒருத்தனே முடிச்சிடுவான். என் ராசா!" அவள் பிள்ளையின் நெற்றியில் மூக்கை வைத்து இழுத்து மோந்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

பாவம் சபினா. வாய் மட்டும்தான் நீளம், மனசு அப்படி இல்லை. போன செப்டம்பரில் ஒரு பிறந்தநாள் காப்பி விருந்தில், ஊரே கூடியிருந்தபோது, "முப்பத்தஞ்சு வயசாச்சு. இவனை எவ கட்டுவா? கலைமான்கூடத் திரும்பிப் பாக்காது" என்று மகனைப் பார்த்துச் சொன்னாள். இங்கே கேலி என்பது சாப்பாடு மாதிரி, எல்லாரும் எல்லாரையும் பேசுவார்கள். எல்லாரும் சிரித்தார்கள். குனுக்கும் சிரித்தான். காப்பியை முடித்தான், கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான், வெளியே போனான். அப்புறம் அவனை யாரும் பார்க்கவில்லை.

மனசு ஒடிந்து மனுஷர்களை விட்டுப் பெரும்பனிக்குள் நடந்துபோகிறவர்களுக்கு இங்கே ஒரு சொல் உண்டு. கிவித்தோக் என்பார்கள். அவர்கள் செத்தவர் கணக்கிலும் வர மாட்டார்கள், உயிரோடு இருப்பவர் கணக்கிலும் வர மாட்டார்கள். பேரை மட்டும் விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள். சபினா காதில் விழும்படி அந்தச் சொல்லை யாரும் சொன்னதில்லை. அவள் அழுத அழுகைக்கு யாருக்கு மனசு வரும்? "என் பிள்ளை பேரு வெளிய குளிர்ல நிக்குது, உள்ள கூப்பிடுங்க" என்று குளிர்காலம் முழுக்க அவள் அரற்றினாள். அர்னாக்தான் வயிற்றைத் தடவிக்கொண்டு, "நான் வைக்கிறேன், அத்தை" என்றாள்.

"குனுக்! மகனே! அம்மாவைப் பாரு!" சபினா பிள்ளையை மடியில் நிறுத்திக் கூப்பிட்டாள்.

பிள்ளை திரும்பவில்லை. தரைக்கு அடியில் டொக்கென்று ஒரு சத்தம்.

அந்த வீடு பாறைமேல் கால் நட்டுக் கட்டியது. தரைப் பலகைக்குக் கீழே ஒரு ஆள் குனிந்து போகலாம், அவ்வளவு இடம் உண்டு. அங்கே வெறும் சரளைக் கல்தான்.

"என்னது?" என்றாள் சபினா.

"ஆறு, அத்தை. தண்ணி ஏறினா பாறையை உருட்டும்ல, அந்தச் சத்தம்."

ஆறு உருட்டுகிற கல் இப்படி ஒன்றே ஒன்று போடாது, அது இடி இடிப்பது போலத் தொடர்ந்து வரும் என்று இருவருக்குமே தெரியும். சபினா மெல்ல, ஆசையாக, இன்னொரு தடவை கூப்பிட்டாள்.

"குனுக்."

டொக். இந்தத் தடவை அவள் காலுக்கு நேர் கீழே.

 அர்னாக் நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள். பயத்தைத்தான் எதிர்பார்த்தாள். சபினாவின் முகம் விளக்கேற்றினது போல இருந்தது.

"கேக்குதுடி அவனுக்கு" என்றாள்.

"காப்பி ஆறிப்போச்சு, குடிங்க" என்று சொல்லி அர்னாக் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவிடவில்லை. போகும்போது சபினா வாசற்படியில் குனிந்து, வீட்டுக்கு அடியிலிருந்த இருட்டைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து அர்னாக் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்தினாள். மூத்தாரே என்றுகூடச் சொல்லவில்லை. வெறும் "ம்", "ச்சூ", "இங்க பாரு", அவ்வளவுதான். தரைக்கு அடியில் சத்தமும் நின்றது. அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதி ஒரு பகல்கூட நிற்கவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை வாயை எடுத்தான். தலை சாய்ந்தது. தூங்குகிறான் என்றுதான் நினைத்தாள். மூக்கின் கீழே விரலை வைத்தாள். காற்று இல்லை. தட்டினாள், குலுக்கினாள், முதுகைத் தேய்த்தாள், வாயில் வாய் வைத்து ஊதினாள். உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. யோசிக்க எங்கே நேரம்? தாய் வாயில் என்ன வருமோ அதுதான் வந்தது.

"குனுக்!"

பிள்ளை மூச்சை இழுத்தான். நீளமாக, முங்கி எழுந்தவன் இழுப்பது போல.

வெளியே வாசற்படியின் கீழ்ப்பலகை கிறீச்சிட்டது.

அவள் ஜன்னல் துணியை விலக்கவில்லை. பிள்ளையை இறுக்கிக்கொண்டு, அந்தப் பலகை மறுபடி சத்தம் போடுகிறதா என்று கேட்டபடியே உட்கார்ந்திருந்தாள். போடவில்லை. வெகுநேரம் கழித்துத் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். பளீரென்று வெயில். ஒரு ஈ காக்கை இல்லை. ஐந்து படியில் கீழ்ப்படி மட்டும் நனைந்திருந்தது, அதன் நடுவில் சாம்பல் சேறு. மற்ற படிகள் சருகாகக் காய்ந்திருந்தன.

அப்போதுதான் இரைச்சல் மாறியது. முதலில் அவளுக்குக் காதில்தான் ஏதோ என்று தோன்றியது. பிறகு அலமாரியில் கோப்பைகள் ஒன்றையொன்று தட்டிக்கொள்ள ஆரம்பித்தன. மேலே, பள்ளத்தாக்கின் வளைவில், ஆறு சுவராக எழுந்து வந்துகொண்டிருந்தது. சாம்பல் நிறம். அதில் வீட்டளவு பனிக்கட்டிகள் புரண்டு புரண்டு வந்தன. அடியில் பாறைகள் இடிபடுகிற சத்தம் தரை வழியாக அவள் குதிகாலில் ஏறியது.

போன் அடித்தது. ஏனோக்.

"அர்னாக், ஏரி போச்சு! விரிசல் விட்டு மொத்தமும் உள்ள இறங்கிடுச்சு. நீ பிள்ளையைத் தூக்கிட்டுப் பாலத்தைத் தாண்டிடு, இப்பவே!"

அவள் திரும்பிப் பார்த்தாள். பாலத்தின் நடுப்பகுதி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவ்வளவு பெரிய இரும்பு, ஒரு சத்தமும் கேட்கவில்லை, ஆற்றின் இரைச்சல் அதை விழுங்கிவிட்டது. அடுத்த நிமிஷம் அங்கே பாலம் இல்லை.

"பாலம் இல்ல, ஏனோக்."

மறுமுனையில் அவன் அழுவது கேட்டது. அவள் அவன் அழுது கேட்டதே இல்லை.

"எனக்கும் ரோடு அறுந்துபோச்சு, வர வழியில்ல. கேளு. பிள்ளை எப்படி இருக்கான்? நான் ஒண்ணு சொல்லணும், நான் உங்க எல்லார்கிட்டயும் பொய் சொல்லிட்டேன். கிணத்தோட காலடி முடியல. கிணத்தைத் தாண்டியும் இருந்துச்சு. உள்பக்கமா, நேரா, போய்க்கிட்டே இருந்துச்சு. அம்மா அப்படி அழுதாங்க, நான் என்ன பண்ண? செத்துட்டான்னு சொன்னாத்தானே பேரு வைக்க விடுவாங்க!"

"ஏனோக்..."

"இப்ப ஏரி வத்தின எடத்தைப் பாத்தேன். அடியில சேறு. அதுல காலடி, அர்னாக். வெறுங்கால். விரிசலைப் பாத்துப் போகுது. தண்ணியோட சேர்ந்து உள்ள இறங்கியிருக்கான். பேரை மாத்து! இப்பவே மாத்து! உங்கப்பா பேரை வை, நோய் வந்த பிள்ளைக்கு வைப்போம்ல, அந்த மாதிரி..."

போன் செத்துப்போனது. திரும்பத் திரும்ப அழுத்தினாள். மருத்துவ நிலையத்தைக் கூப்பிட்டாள். ஒன்றும் போகவில்லை. அந்தக் கரையில் போன் கோபுரத்து விளக்கும் அணைந்திருந்தது.

தண்ணீர் பாறையைச் சுற்றி இரண்டு பக்கமும் பிரிந்து ஓடியது. அவளும் பிள்ளையும் வீடும் நடுவில்.

கதவைத் தாழ் போட்டாள். மேஜையை இழுத்து வைத்தாள். அறையின் நடுவில் தரையில் உட்கார்ந்தாள். பிள்ளை மறுபடி மூச்சை நிறுத்திவிட்டான்.

"ஊலா" என்றாள். செத்துப்போன அவள் அப்பாவின் பேர். நல்ல மனுஷர், யார் மனசையும் நோகடிக்காதவர். "ஊலா, கண்ணு, நீ ஊலா. அப்பா, வாங்கப்பா. இந்தப் பிள்ளைக்குள்ள வாங்க. ஊலா, ஊலா!"

ஒன்றுமில்லை. பேர் அறையில் விழுந்தது, யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளையின் உதடு நீலத்திலிருந்து கறுப்புக்குப் போனது.

இந்தப் பிள்ளைக்கு உள்ளே ஒரே ஒரு பேர்தான் இருந்தது. அதுவும் இவனுடையது இல்லை. இதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கூப்பிட்டால் அவன் வருவான். கூப்பிடாவிட்டால் இவன் போய்விடுவான். எந்தத் தாயால் கூப்பிடாமல் இருக்க முடியும்?

"குனுக்" என்றாள், கிசுகிசுப்பாக. ஆற்றின் இரைச்சலில் அவளுக்கே கேட்காத குரலில்.

பிள்ளை மூச்சு இழுத்தான்.

இரண்டாம் படி.

அந்த ஒரு மூச்சை அவன் எவ்வளவு நேரம் வைத்திருப்பான் என்று பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள் பல் கிட்டித்தது. மூச்சு தீர்ந்தது.

"குனுக்."

மூன்றாம் படி. தண்ணீர் சொட்டும் சத்தம். சொட்டுச் சொட்டாக இல்லை. குழாயைத் திறந்துவிட்ட மாதிரி.

"என் பிள்ளையை விட்டுடுங்க" என்று கதவைப் பார்த்து அழுதாள். "பேரு உங்களோடதுதான். தெரியாம எடுத்துட்டோம். அத்தை பாவம், அழுதாங்க. நாங்க எல்லாரும் சிரிச்சோம், தப்புதான், நானும்தான் சிரிச்சேன். கால்ல விழறேன், மூத்தாரே, எடுத்துக்கோங்க. பேரை மட்டும் எடுத்துக்கோங்க."

படி சத்தம் போடவில்லை. நின்று கேட்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது.

மூச்சு தீர்ந்தது. கூப்பிட்டாள். நாலாம் படி.

கதவில் முகத்தளவு கண்ணாடி ஒன்று உண்டு. அதுவரை அதில் வெயில் இருந்தது. இப்போது இல்லை.

அவள் வாயை மூடினாள். இனி ஒரு தடவைதான் பாக்கி. இந்த மூச்சு தீரக் கூடாது. தீரவே கூடாது. பிள்ளையின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏறியது. இறங்கியது. இன்னும் கொஞ்சம் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது அசையவில்லை. அவள் கூப்பிடாதவரை அது வராது. ஏனோக் எப்படியாவது வருவான். ஹெலிகாப்டர் வரும். யாராவது.

அப்போது அந்தக் கரையிலிருந்து குரல் வந்தது.

இத்தனை இரைச்சலைத் தாண்டி எந்த மனுஷக் குரலும் வர முடியாது. வந்தது. ஜன்னல் துணியின் ஓரத்தில் தெரிந்தது. அறுந்த பாலத்தின் நுனியில், பிடித்து இழுக்கிறவர்களை உதறிக்கொண்டு, சபினா. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். அவளுக்குத் தெரிகிறது. இவள் வாசலில் யார் நிற்கிறார்கள் என்று அங்கிருந்து அவளுக்குத் தெரிகிறது. அந்த முகத்தில் அத்தனை சந்தோஷம்.

"குனுக்! மகனே!"

"கூப்பிடாதீங்க!" அர்னாக் தொண்டை கிழியக் கத்தினாள். "அத்தை! கூப்பிடாதீங்க!"

"குனுக்! அம்மா இங்க இருக்கேன்! குனுக்!"

ஐந்தாம் படி.

தாழ் தானாக விலகியது. மேஜை நகர்ந்தது. தண்ணீர் முதலில் வந்தது. பிறகு அவன்.

உயரம் அவன் உயரம்தான். சட்டை அவன் சட்டைதான். கைமடிப்பிலிருந்தும் கழுத்திலிருந்தும் சாம்பல் தண்ணீர் நிற்காமல் ஓடியது. முகம் இல்லை. பனிக்கு அடியில் பாறை அரைபடுவது போல அரைபட்டு, மூக்கு, கண், வாய் எல்லாம் தேய்ந்து, ஆற்றங்கரைக் கூழாங்கல் மாதிரி வழுவழுவென்று இருந்தது.

அவன் அவளை அடிக்க வரவில்லை. பூட்ஸ் கழற்றி வைக்கும் மிதியடி மேல் மெல்லப் படுத்தான். முழங்காலை மடக்கினான். கைகளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான்.

"குனுக்!" என்றாள் சபினா, அந்தக் கரையில்.

கையிலிருந்த பொதி லேசானது.

அர்னாக் குனிந்து பார்த்தாள். துணி நனைந்திருந்தது. துணியிலிருந்து தண்ணீர் வழிந்தது. தெளிந்த, சில்லென்ற தண்ணீர். முழங்கையில் இறங்கி, தரைப் பலகையில் விழுந்து, வாசலைப் பார்த்து ஓடியது.

"குனுக்!"

இன்னும் லேசு. இறுக்கிப் பிடித்தாள். இறுக்க இறுக்க விரல் இடுக்கில் வழிந்தது. துணியை அள்ளினாள். தரையைக் கையால் வழித்து வழித்து அள்ளினாள். நிற்கவில்லை.

ஓடிய தண்ணீர் அவன் கன்னத்தைத் தொட்டது. தொட்ட இடத்தில் ஒரு சின்ன மூக்கு எழும்பியது. அதன் கீழே சின்ன உதடு. மேல் உதட்டில் பால் குடித்த கொப்புளம். அவள் பிள்ளையின் வாய்.

அந்த வாய் திறந்தது. பசித்து அழுதது. அவள் பிள்ளையின் குரல்.

அவளுக்குப் பால் சுரந்தது. சட்டை நனைந்தது. வேண்டாம், வேண்டாம் என்று அவள் உரக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் கை பொத்தானை அவிழ்த்துக்கொண்டிருந்தது.